கரண்ட் போகாத வீடு

பேருந்துக்குள் கடல் வாசம் வந்ததும், சிறுவயதில் அலை நனைத்த என் பாவாடை ஓரம் மறுபடி ஈரமானது. முன்னிருக்கைப் பெரியவரின் மடியில் கடல்நீர் கேன். பக்கத்தில் அவரோடு சுரங்கத்தில் வேலை பார்த்த இளையவர்.

“தொட்டியில கோமாளி மீனு முட்டை வுட்டிருக்கு. ஆம்பளைதான் துடுப்பால முட்டைய விசிறிக்கினு காவல் கெடக்கு.”

“பொம்பள?”

“அதட்டிக்கினு சுத்துது.”

“எங்க வூடுதாண்ணே!”

பெரியவர் சிரிக்கவில்லை. “ரிட்டயர் ஆயாச்சு. ஞாயித்துக்கிழமை குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். சொந்த ஊரு குறிஞ்சிப்பாடியில பாதி நாளு கரண்ட் கெடையாது. தொட்டிக்குக் காத்து வுடுற மோட்டார் நின்னா அத்தனையும் செத்துடும்.”

“நாம வெட்டுன கரியில எந்த ஊருக்கோ கரண்ட் போவுது, உங்க வூட்டுக்கு இல்லியா?”

நிறுத்தம் வந்தது. இளையவர் எழுந்து கேனை வாங்கிக்கொண்டார்.

“எங்க குவார்ட்டர்ஸ்ல கரண்ட் போவாது. தொட்டி அங்க இருக்கட்டும். குஞ்சு பொரிச்சா நீங்கதாண்ணே வந்து பேரு வைக்கணும்.”