நல்லது என்று சொல்லாத நாள்

— நிறுத்தாதே தம்பி, சொல்லு. நடு வாசலை அடைக்கிறது கொத்தனார் வேலை. பிரசங்கம் சொல்றது உன் வேலை. ரெண்டும் அதது பாட்டுக்கு நடக்கட்டும்.

— உன் முகமே தெரிய மாட்டேங்குதேக்கா. செங்கல்லுக்கு மேல நெத்தி மட்டும்தான் தெரியுது. நெத்தியைப் பாத்துப் பேசி எனக்குப் பழக்கமில்ல.

— கோயில்ல தூங்கறவங்க உச்சந்தலையைப் பாத்துத்தானே இத்தனை வருஷம் பேசினே? நெத்தி எவ்வளவோ மேல்.

— அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கலவை புடவையில சிந்திடும்.

— சிந்தினா சிந்திட்டுப் போகட்டும் கொத்தனாரே. இவன் இந்த வீட்டுல தன் பாதியை வித்துட்டான். சாயங்கால ஆராதனையில பேசிட்டு, அங்கிருந்தே ஏர்போர்ட் போறான். எந்தப் பிரசங்கத்தையும் என்கிட்ட ஒப்பிக்காம இவன் மேடை ஏறினதில்ல.

— ஒரே ஒரு தடவை ஏறினேன்.

— அன்னைக்கு என்னாச்சுன்னு அவருக்கும் சொல்லேன்.

— நோவாவோட பேழையில மோசேயை ஏத்திவிட்டுட்டேன்.

— ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கலை, அதைச் சொல்லு! சரி, அது கிடக்கட்டும். எங்க விட்டே?

— பிரியமானவர்களே, ஆதியில கடவுளுக்கு ஒரு குறையும் இல்ல. தேவைப்பட்டு அவர் உலகத்தைப் படைக்கலை. அன்பு நிறைஞ்சு வழிஞ்சது, படைச்சார்.

— இதை வெட்டிடு.

— இதான்க்கா அஸ்திவாரமே!

— நீ ஒண்டியா இருந்து பாத்ததில்ல, அதான் இப்படிச் சொல்ற. அவர் முதல்ல என்ன பண்ணார்?

— வெளிச்சத்தை உண்டாக்கினார்.

— அதுக்கும் முன்னால. பேசினார். கும்மிருட்டு. ஈ காக்கை கிடையாது. கேக்க ஒரு காது இல்ல. அப்பவும் வாயைத் திறந்து பேசினார். உன் பொண்டாட்டி உயிரோட இருந்தப்ப நீங்க ரெண்டு பேரும் ஊழியம் ஊழியம்னு மாசக்கணக்குல வெளியூர் போனீங்களே, நான் இங்க என்ன பண்ணினேன்னு நினைச்சே? குக்கர்கிட்ட பேசினேன். அதுவாவது பதிலுக்கு விசில் அடிச்சுது.

— அப்போ தனிமை தாங்காமதான் படைச்சார்ங்கறியா? சபையில என்னை உயிரோட விடமாட்டாங்க.

— ஏன் படைச்சார்னு எனக்கெப்படித் தெரியும்? முதல்ல பேசினார். அது மட்டும் எனக்குப் புரியுது.

— ஐயா, உங்க பக்கம் ஒரு அரைச் செங்கல் கிடக்கு பாருங்க, எடுத்துக் குடுங்க.

— இந்தாங்க.

— குடு குடு. உன் கையாலேயே எடுத்துக் குடு.

— அக்கா!

— சரி, வாயை மூடிக்கறேன். மேல சொல்லு.

— ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சதும் கடவுள் நின்னு பாத்தார். நல்லதுன்னு கண்டார்.

— அவரே செஞ்சு, அவரே நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டாரா? குடுத்துவெச்சவர் ஐயா. எங்க மேஸ்திரி வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்ததே இல்ல.

— ஒவ்வொரு நாளும் சொல்லலை கொத்தனாரே. ரெண்டாம் நாள் சொல்லலை. தம்பி, எடுத்துப் பாரு.

— இருக்குமேக்கா... இரு... அட, இல்லையே! எத்தனை தடவை வாசிச்சிருக்கேன்!

— அன்னைக்கு என்ன வேலை நடந்துச்சு?

— தண்ணிக்கு நடுவுல ஆகாயத்தை விரிச்சார். மேல் தண்ணி வேற, கீழ்த் தண்ணி வேறன்னு பிரிச்சார்.

— பிரிச்சார். அதான் சொல்ல வாய் வரலை.

— முதல் நாளும்தான் வெளிச்சத்தையும் இருட்டையும் பிரிச்சார்.

— நல்லதுன்னது வெளிச்சத்தை. பிரிச்சதை இல்ல.

— அப்படியில்லக்கா. ரெண்டாம் நாள் தண்ணி வேலை முடியலை. மூணாம் நாள்தான் கடல் ஒரு பக்கம், தரை ஒரு பக்கம் ஆச்சு. அதனாலதான் அன்னைக்கு ரெண்டு தடவை நல்லதுன்னார். விட்டதையும் சேத்துச் சொல்லிட்டார்.

— நல்லா சமாளிக்கற. கீழ்த் தண்ணிக்குக் கடல்னு பேர் கிடைச்சுது, அப்புறம் மீன் வந்துச்சு, கப்பல் வந்துச்சு. மேல் தண்ணி? அதுக்கு ஒரு பேர் உண்டா? எங்க இருக்கேன்னு யாராவது கேட்டாங்களா? அப்படியே மேலயே நிக்குது.

— கொத்தனாரே, கரண்டியைக் கீழ வைங்க. நான் போகலை.

— ஐயா, இன்னும் ரெண்டு வரிதான்...

— வைங்கன்னேன்ல. இந்த நடு வாசலை அடைச்சுக் குடுத்தாதான் வாங்குவேன்னு அந்த ஆள் சொன்னார், நானும் மாடு மாதிரி தலையை ஆட்டிட்டேன். எனக்கு வீடும் விக்க வேணாம், ஒண்ணும் வேணாம்.

— கூறு கெட்டவனே! உன் மக புருஷனைப் பறிகுடுத்துட்டு, கைக்குழந்தையோட யாருமில்லாத ஊர்ல நிக்கறா. அப்பா எப்ப வருவேன்னு போன்ல அழறா.

— நீயும்தான் இங்க நிக்கற. மனுஷன் தனியா இருக்கறது நல்லதில்லன்னு அதே வேதம்தான் சொல்லுது.

— அதை அவளை வெச்சுச் சொல்லு.

— உனக்குப் பொருந்தாதா?

— நான் என்ன மனுஷனா? உன் அக்கா. போடா, கார்க்காரன் ரெண்டாவது தடவை ஹார்ன் அடிக்கறான்.

— தெருவைச் சுத்தி உன் வாசலுக்கு வர்றேன். ஒரே ஒரு தடவை உன்னைப் பாத்துட்டுப் போயிடறேன்.

— வராதே. பூட்டியிருக்கு. சாவியை எங்கயோ வெச்சுட்டேன்.

— பொய் சொல்ற.

— ஆமா, பொய்தான். வந்தாலும் திறக்கமாட்டேன்.

— அப்ப கையையாவது நீட்டு. நான் நாற்காலியில ஏறிட்டேன்.

— கொத்தனாரே, இந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க... இந்தா. ஏன்டா இப்படி சில்லுனு இருக்கு உன் கை? அங்க குளிர் அதிகமாம். காதை மூடிக்கோ.

— மூடிக்கறேன்.

— அந்த ‘ஒரு குறையும் இல்ல’ங்கறதை மட்டும் வெட்டிடு.

— வெட்டிடறேன்க்கா.

— விடு. கலவை இறுகிடும்.

— வர்றேன்க்கா.

— ம்.

— ...கார் கிளம்பிடுச்சும்மா. கடைசிச் செங்கல்லும் வெச்சாச்சு. தண்ணி ஏதாவது குடிக்கறீங்களா?

— வேணாம். நீங்க பூசுங்க.

— மனசு கேக்கலை, அதனால சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. வாங்கின ஆள் ஈவிரக்கம் இல்லாதவர்மா. இருந்த கதவுக்கு ஒரு பூட்டு போட்டா தீந்துது. ஐயா இருக்கறப்பவே அடைக்கணும்னு அவருக்கு அப்படி என்ன பிடிவாதம்?

— அவரைத் திட்டாதீங்க. பாவம், அவரும் பூட்டே போதும்னுதான் சொன்னார். அடைச்சாதான் வாங்குவேன்னு சொல்லச் சொல்லி, அவர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினது நான். நடுவுல ஒரு வாசல் இருக்கறவரைக்கும் என் தம்பி போகமாட்டான்.