பச்சை அடித்த பிரேக்

ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்னால் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது சார். தெளித்தால்தான் நகர்த்தி நேராக்க முடியும். பதினோரு வருடமாகப் பந்தயக் கார்களுக்கு அந்த வேலைதான் பார்க்கிறேன். முதுகு விட்டுப்போயிற்று. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

எங்கள் கார் முழுக்க ஒரு பிரேக் கம்பெனியின் பெயர்தான். செலவெல்லாம் அவர்களுடையது. மிதித்தால் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேடுகளையும் அவர்களே பச்சைப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். கடைகண்ணிக்குப் போகிற காருக்கு அவை தாராளமாகப் போதும். பந்தயத்தில் பத்துச் சுற்று தாண்டினால் சூடேறிவிடும்; எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. எங்கள் அணியின் முதலாளி ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வேற நல்லதா வாங்கி, பேரை மட்டும் மாத்திடு. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அன்றிலிருந்து ஆறு வருடம், வேறு பேடுகளை வாங்கி, அவற்றின் பெயரை அரத்தால் உரசி எடுத்துவிட்டு, பச்சை பெயின்ட் அடித்து, இவர்கள் பெயரை அச்சிட்டு நானே மாட்டினேன்.

காரை ஓட்டியவர் என் தங்கை கணவர். அவருக்கும் இது தெரியாது. ஜெயித்த மேடையிலெல்லாம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த பிரேக்கை நம்பி நான் கண்ண மூடிட்டு ஓட்டுவேன்" என்பார். கம்பெனிக்காரர்கள் கைதட்டுவார்கள். நான் பின்னால் நின்று நகக்கண்ணில் ஒட்டிய பச்சையைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். வீட்டில் நாலு பேர் கூடினால், "மச்சானுக்கு என்ன கவலை? எச்சில் தொட்டு ஒட்டுற வேலை" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், தங்கை உட்பட. நானும் சிரித்து வைப்பேன்.

கோபமெல்லாம் இல்லை சார். கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அரத்தைக் கையில் எடுத்தேன். வேலை ஓடவில்லை. பச்சைப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த பேடுகளில் பெயர் சரியாகவே இருந்தது. எதையும் உரச வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம். அவற்றையே மாட்டிவிட்டுக் கையைக் கழுவினேன்.

மறுநாள் காரில் ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்டார்.

"மச்சான், பிரேக்கெல்லாம் பாத்துட்டீங்களா?"

"கம்பெனி பிரேக்குதான் மாப்பிள்ளை."

"அப்ப கவலையே இல்ல" என்று சிரித்தார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பன்னிரண்டாவது சுற்றில் கார் வளைவில் திரும்பாமல் நேராகச் சுவருக்குப் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. கதவில் நான் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஓரம்கூடப் பிரியவில்லை.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் செய்ததெல்லாம் ஒரு பொய்யை நிறுத்தியதுதான். மற்றபடி யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. அன்று காலை தங்கைக்குப் போன் செய்து, குழந்தையைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வராதே என்று ஏன் சொன்னாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

வெயில் கடுமையாக இருக்கும் என்று தோன்றியது சார்.