மறு ஏலம்

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் ஒரு நாட்டுக்கோழி முட்டை இருநூறு ரூபாய்க்குப் போவது வழக்கம். முட்டைக்காக யாரும் அந்த விலை கொடுப்பதில்லை. அது யார் வீட்டுக் கோழி, அந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று ஏலம் கூறுகிறவன் சொல்ல வேண்டும். எடுத்தவரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "மறு ஏலம்" என்று திருப்பிக் கொடுப்பார். ஒரே முட்டை மூன்று தடவை விற்கும். மனிதர்கள் இரக்கப்படத் தயாராகத்தான் இருக்கிறார்கள், ஒரு காரணம் காட்டினால் போதும் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

கமிட்டியில் உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன். அந்தப் புயலில் கடற்கரையில் பதினோரு வீட்டு ஆண்கள் திரும்பவில்லை. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாம் வேறு சபை. ஆனாலும் பழைய புத்தகங்களையும் ஏடுகளையும் சேகரித்து அவர்களுக்காக ஏலம் விடலாம் என்றேன். மிஷன் காலத்து வேதாகமங்கள் வந்தன. வர்ம ஏடுகள் வந்தன. வியாகுலம்மாளும் வந்தாள். காணாமல்போன செல்வனின் மனைவி.

மெழுகுத்துணியில் பொதிந்த ஒரு நோட்டை அவள் என் மேஜையில் வைத்தாள். கரையிலுள்ள மலையையும் மணிக்கூண்டையும் அடையாளமாக வைத்து, கடலுக்கடியில் மீன் கூடும் பாறைகளைக் கண்டுபிடிக்கும் குறிப்புகள். செல்வனின் பாட்டன் கைப்பட எழுதியது. வேறு பிரதி கிடையாது.

"வித்து எல்லாருக்குமா பங்கு வையுங்க ஸாரே. எனக்கு மட்டும்னா வேண்டாம்" என்றாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியின் பொருள் நல்ல விலைக்குப் போக வேண்டும் என்று அன்று ஜெபித்தேன். நோட்டோடு வைக்க ஒரு குறிப்பும் எழுதினேன்: "இந்தப் பாறைகளை அறிந்த கடைசி மனிதனைக் கடல் எடுத்துக்கொண்டது."

ஏலத்துக்கு மூன்று நாள் முன்பு ஷிஜின் போன் செய்தான். என் பழைய மாணவன். குஜராத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஸாரே, இங்க ஒரு ஆளு கெடக்காரு. கப்பல்காரங்க கடல்ல இருந்து எடுத்துட்டு வந்தது. தலையில அடி, பேரு சொல்லத் தெரியல. ஒரே பாட்டத்தான் சொல்லுதாரு. நம்ம பக்கத்து ஆளோன்னு ஒரு தோணல். ஒங்களுக்கு மனசிலாவுதா பாருங்க."

போனை அந்த மனிதரின் வாயருகே வைத்தான். மெதுவான, சீரான குரல். "வேளிமலை முனை தோப்புக்கு மேல ஏறும். மணிக்கூண்டு எடப்பக்கம் சாயும். பதினாறு பாகம் ஆழத் தண்ணி. கீழ கொக்குப்பாறை."

நோட்டின் நாற்பத்திரண்டாம் பக்கம். முந்தின நாள்தான் அதைப் பிரதி எடுத்திருந்தேன்.

ஷிஜின் ஒரு படமும் அனுப்பினான். கடற்கரையில் காட்டி விசாரிக்கச் சொன்னான். தாடி வளர்ந்திருந்தது, ஆனால் காணாமல்போனவர்களின் சுவரொட்டியில் நான் பார்த்திருந்த செல்வன்தான். ஏலம் முடியட்டும், மூன்று நாள்தானே என்று நினைத்தேன். அந்த மூன்று நாளில் அவனுக்கு எந்தக் குறையும் வரப்போவதில்லை. பதினோரு வீட்டுக்கோ அந்த ஒரு நாள்தான்.

ஏலம் கூறியவன் ஸ்டெனி. விடுப்பில் வந்திருந்த விபினைப் பார்த்து, "ஏலே விபினே, மஸ்கட்ல ஒட்டகத்துக்குத் தீனி போட்ட காசெல்லாம் எங்கலே போச்சு?" என்றான்.

"ஒட்டகமாவது நன்றி சொல்லும்லே. நீ அடுத்த வருசமும் கேப்ப."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து குறிப்பையும் நாற்பத்திரண்டாம் பக்கத்தையும் வாசித்தேன். சிரிப்பு நின்றது. விபின் சொன்ன தொகை அந்தப் பதினோரு வீடுகளுக்கும் ஒரு வருடத்துக்குப் போதுமானது. பிறகு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். "மறு ஏலம். அடுத்த வருசத்துக்கு வையுங்க ஸார்."

அந்த வார்த்தைக்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? அன்று சாயங்காலம் ஷிஜினிடம், படத்தை எல்லா ஊரிலும் காட்டினேன், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, கொல்லம் பக்கத்து ஆளாக இருக்கலாம் என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

செல்வனை அங்கே ஒரு கருணை இல்லத்தில் சேர்த்தார்கள். நான் அவனைக் கைவிடவில்லை. மாதந்தோறும் ஷிஜின் மூலமாக ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு வேட்டி சட்டை. குளிர்காலத்தில் ஒரு கம்பளி. "ஒங்கள மாதிரி யாரு செய்வா ஸாரே, முகம் தெரியாத ஆளுக்கு" என்று ஷிஜின் ஒருமுறை அழுதுவிட்டான்.

வியாகுலம்மாள் ஒவ்வொரு வருடமும் ஏலத்துக்கு வந்தாள். அவளுக்கு முன்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடச் சொல்வேன். ஒவ்வொரு வருடமும் அதையேதான் கேட்பாள். "ஸாரே, ஆளு உயிரோட உண்டும்னா யாராவது விளிச்சுச் சொல்லியிருப்பாவ, இல்லியா?"

"கர்த்தர் அறிவார் அம்மா" என்பேன். அது பொய்யல்ல.

இரண்டு வருடமும் இரண்டு மாதமும் கழிந்து செல்வன் இறந்தான். கடைசி நாள்வரை அந்தப் பாறையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தானாம். கல்லறையில் என்ன பெயர் எழுத என்று ஷிஜின் கேட்டான். 'பெயர் அறியாத சகோதரன்' என்று எழுதச் சொன்னேன். கல்லுக்கும் நானே பணம் அனுப்பினேன். அடுத்து வந்த கொரோனாவில் கடற்கரைக்கு அரிசி போனது இந்த நோட்டின் பணத்தில்தான். அப்போது உங்களில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஷிஜின் இந்த வருடம் விடுப்பில் வருவான் என்று எனக்குத் தெரியாது. நான் நாற்பத்திரண்டாம் பக்கத்தை வாசித்தபோது அவன் கடைசி வரிசையில் எழுந்து நின்று, என்னோடு சேர்ந்து மீதியைச் சொல்லி முடித்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததே. படம் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் எதையும் அழிக்கவில்லை.

செல்வன் உயிரோடிருந்தது எனக்குத் தெரியும். அவன் மனைவிக்குத் தெரியாதபடி நான்தான் பார்த்துக்கொண்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வியாகுலம்மாள் காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. சொல்வதற்கு முன்னால் யாராவது அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். சீனி போட வேண்டாம், அவளுக்குச் சர்க்கரை உண்டு. இதையெல்லாம் நான்தான் கவனித்துவந்தேன்.