நிறுத்தாமல் கடந்த இடம்

ஸ்கேனுக்குத் தடவுகிற ஜெல் ஐஸ் மாதிரி ஜில்லென்று இருக்கும். நான் அதை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கித்தான் தடவுவேன். பதினாறு வருடமாக அப்படித்தான். என் கை பட்டு யாரும் முகம் சுளித்ததில்லை. இதையும் உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

எங்கள் வேலை எப்படியென்றால், கருவியை மார்பின்மேல் நகர்த்துவது நான். திரையில் ஓடுவதில் எதை நிறுத்திப் பதிவு செய்கிறேனோ, அதை மட்டும்தான் பக்கத்து அறை டாக்டர் பார்த்து அறிக்கை எழுதுவார். அதனால் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

அக்கா முதன்முதலில் வந்தபோது இடது மார்பில் எட்டு மில்லிமீட்டர் கட்டி. ஓரம் ஒழுங்காக இல்லை. பார்த்ததும் புற்றுநோய் என்று புரிந்துவிட்டது.

"ஏன்டி, அம்மாவுக்கு வந்த மாதிரி எதுவும் இல்லையே?" என்று கேட்டாள்.

அம்மா சிகிச்சையில் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் நாங்கள் இருவரும். "ஒண்ணுமில்லக்கா, எழுந்து துடைச்சுக்கோ" என்றேன். அந்த இடத்தை நிறுத்தாமலே கடந்துவிட்டிருந்தேன். ஜெல்லைத் துடைக்காமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சட்டையெல்லாம் பிசுபிசுத்தது.

ஆறு மாதம் கழித்துப் பதினான்கு. அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எந்த வாயால் சொல்வது? "வீட்டுலயே ஸ்கேன்காரி இருக்கா, எங்களுக்கென்ன கவலை" என்று அத்தான் வேறு ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அக்காவும் நிம்மதியாகத் தூங்கினாள். அந்த நிம்மதி நான் கொடுத்தது. அவள் இறந்து ஒன்றரை மாதமாகிறது. அந்த நிம்மதியைக் கொடுத்தேன் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடக் கடைசியில் எனக்கும் ஒன்று தட்டுப்பட்டது. ஆறு மில்லிமீட்டர்தான். மறுநாளே லீவு போட்டு வேறு மருத்துவமனைக்குப் போனேன். பத்து நாளில் அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். அங்கே எனக்குத் துணைக்கு இருந்தது அக்காதான். தலை வாரிவிட்டாள், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்றே வந்து படுத்தாள். "உன்னைப் பாத்ததுல எனக்கும் பயமாயிடுச்சு. நல்லாப் பாத்துச் சொல்லுடி."

நன்றாகத்தான் பார்த்தேன். இருபத்திரண்டு. அவளிடம் சொல்லவில்லை. பாவம், பயந்துவிடுவாள்.