வேகமாகப் பேசுகிறவள்

மைத்துனன்: புது லேப்டாப் பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லை. அதுக்குள்ள வேண்டாம்னா எப்படி அத்தான்?

வக்கீல்: கண்ணு தெரியாதவன் பெட்டியைப் பிரிச்சு என்னத்தைப் பார்க்கப் போறேன்? வேண்டாம் மச்சான். எடுத்துக்கிட்டுப் போ.

மனைவி: நீ பிரிடா தம்பி. பழைய லேப்டாப் கத்துற கத்துல என் தலை வெடிக்குது. மனுஷப் பேச்சா அது? கொதிக்கிற பானை மூடியாட்டம் தடதடன்னு...

வக்கீல்: திரையில இருக்கிறதை அவ வாசிச்சாத்தான் எனக்குப் பொழப்பு. அந்த வேகத்துல வாசிச்சாத்தான் சாயந்திரத்துக்குள்ள கேஸ் கட்டு முடியும். உனக்குத்தான் ஒரு எழுத்தும் புரியாதே. புரியாத பேச்சு எப்படி தலையை வெடிக்க வைக்கும்?

மனைவி: கேட்டியாடா, 'அவ'ளாம்! இத்தனை வருஷமா ஒரே அறையில எனக்கொரு சக்களத்தி. இந்த மூலையில நான் தையல் மெஷினை மிதிக்கிறேன், அந்த மூலையில அவ இவர்கிட்ட ஓயாம பேசிக்கிட்டு இருக்கா.

வக்கீல்: லேசுப்பட்டவளா அவ? கோர்ட்டு மாடிப்படியில ஒரு தடவை கை தவறிடுச்சு மச்சான். மேல்படியிலிருந்து உருண்டா. படிக்கு ஒரு பத்தியா வாசிச்சுக்கிட்டே உருண்டா. நான் தடவித் தடவி கீழே வர்றதுக்குள்ள மொத்த மனுவையும் முடிச்சுட்டா. கேட்டுக்கிட்டு நின்ன எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேயே சமாதானத்துக்கு வந்துட்டான்.

மைத்துனன்: போன தடவை கிணத்துல விழுந்தாள்னு சொன்னீங்களே?

வக்கீல்: அது வேற வழக்கு.

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. பாதி எழுத்து தேஞ்சு போச்சு. மடியில வச்சா அடுப்பு. சார்ஜரைப் பிடுங்கினா அடுத்த நிமிஷம் மயக்கம் போட்டு விழுது. இன்னும் எதுக்கு அந்தக் கம்பெனியையே கட்டிக்கிட்டு அழணும்?

மைத்துனன்: அத்தான்... இப்போ பழசு என்னமோ படபடன்னுச்சே, என்னது?

வக்கீல்: ஒண்ணுமில்லை. மெயில். ஒரு கட்சிக்காரன் வாய்தா கேட்கிறான்... ஏன், மெஷினை ஏன் நிறுத்திட்டே நீ?

மனைவி: ...நூல் அறுந்துடுச்சு.

வக்கீல்: இந்த வாரம் பூரா உனக்கு நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. மாத்தணும்னா நூல் வாங்குற கடையை மாத்து. என் லேப்டாப்பை விட்டுடு.

மனைவி: ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது வந்துச்சாங்க?

வக்கீல்: என்ன ஆஸ்பத்திரி?

மனைவி: என் கழுத்துக் கட்டியில ஊசி குத்தி சோதனைக்கு எடுத்தாங்களே. எனக்கேது மெயிலுன்னு உங்க முகவரியைத்தானே கொடுத்துட்டு வந்தோம்.

வக்கீல்: வந்தா சொல்ல மாட்டேனா? அங்கே நுண்ணோக்கி பழுதாம். பழுது பார்க்க வந்தவனுக்கும், ரொம்பச் சின்னப் பழுதாம்... நுண்ணோக்கி இல்லாம அது கண்ணுக்குத் தெரியலையாம்.

மைத்துனன்: ஹஹ... அத்தான், உங்களை...

மனைவி: சிரிக்காதே. பெட்டியைப் பிரி.

மைத்துனன்: பிரிச்சாச்சு. இது வேற கம்பெனி அத்தான், உங்க பழைய குரல் இதுல ஓடாது. இதுக்குன்னு சொந்தக் குரல் இருக்கு. கேளுங்க... பக்கத்து வீட்டம்மா பேசுற மாதிரி இல்லை?

வக்கீல்: பக்கத்து வீட்டம்மாவுக்கு என்ன, பென்ஷன் வாங்கற வயசா? ஆமை!

மைத்துனன்: வேகத்தைக் கூட்டினாப் போச்சு... இதோ. இன்னும்... இதுதான் உச்சம். அக்கா, உனக்குப் புரியுதா?

மனைவி: நல்லாப் புரியுது.

வக்கீல்: அப்போ வேண்டாம்.

மைத்துனன்: என்ன அத்தான், புரியறது ஒரு குத்தமா?

வக்கீல்: வக்கீல் வீட்டுல குத்தம்தான். ஊர்ப்பட்ட குடும்பத்து ரகசியம் இந்த அறையில கிடக்கு.

மனைவி: ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கேளுங்க.

வக்கீல்: காதை மூடினாத்தான்டி எனக்கு இருட்டு.

மனைவி: எல்லாத்துக்கும் ஒரு பதில்...

மைத்துனன்: சரி, சரி. உங்க மெயிலையே வாசிக்க வச்சுக் காட்டுறேன். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. கணக்கெல்லாம் ஏத்தித்தான் கொண்டு வந்திருக்கேன்.

வக்கீல்: என் மெயிலையா? கடவுச்சொல் யார் கொடுத்தா?

மைத்துனன்: அக்காதான்.

மனைவி: நம்ம கல்யாணத் தேதிதானே? அதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் ஆளா வேணும்?

மைத்துனன்: மேல இருக்கிறதை அமுக்கினா கடகடன்னு...

வக்கீல்: தொடாதே!

மைத்துனன்: ஐயோ... எதுக்கு அத்தான் இப்படிக் கத்துறீங்க?

மனைவி: வாசிக்கட்டுமே. வாய்தா கேட்கிற கட்சிக்காரன்தானே?

வக்கீல்: கையை எடு மச்சான். சொல்றேன்ல.

மைத்துனன்: எடுத்துட்டேன்... ஆனா அத்தான், மேல இருக்கிறது கட்சிக்காரன் இல்லையே. இது...

வக்கீல்: சார்ஜரை வண்டியில விட்டுட்டு வந்துட்டே போல. போய் எடுத்துக்கிட்டு வா.

மைத்துனன்: சார்ஜர் இதோ இருக்கு...

வக்கீல்: போய்ப் பாருடா.

மைத்துனன்: ...சரி அத்தான்.

மனைவி: போயிட்டான். கதவையும் சாத்திட்டான்.

வக்கீல்: தெரியுது... நமக்குப் புதுசு வேண்டாம்மா. பழசே இருக்கட்டும். அவ சத்தம்தானே உனக்குத் தொந்தரவு? குறைச்சு வச்சுக்கிறேன்.

மனைவி: குறைச்சாலும் கேட்கும்.

வக்கீல்: கேட்டா என்ன? புரியவா போகுது?

மனைவி: முதல்ல வெறும் இரைச்சல்தாங்க. அப்புறம் அங்கங்க ஒரு வார்த்தை. அப்புறம்... உங்க பாகப்பிரிவினை கேஸ்ல மூத்த மருமக புளுகுறான்னு உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

வக்கீல்: விளையாடாதே.

மனைவி: நானா விளையாடுறேன்? நுண்ணோக்கி பழுதுன்னது யாரு?

வக்கீல்: ...அப்போ, நூல்?

மனைவி: ஒரு தடவைகூட அறுகலைங்க.

வக்கீல்: இப்போ வந்த மெயில், புதன்கிழமை பெரிய டாக்டரைப் பார்க்க நேரம் கொடுத்ததுதான். பார்த்துட்டு... நல்ல வார்த்தையா ஏதாவது சொல்லுவாரு, அதையும் சேர்த்து உன்கிட்ட... எவ்வளவு புரிஞ்சுது?

மனைவி: பூராவும். நான் துணி உலர்த்த மாடிக்குப் போயிட்டேன்னு நினைச்சு அந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினீங்களே, அடுத்த தடவை மாத்தி வாசிச்சுடுவாளாக்கும்னு... படியிலேயே உட்கார்ந்து அத்தனையும் கேட்டேன். தெளிவாப் பேசுறது ஒண்ணு வீட்டுக்குள்ள வந்தாலாவது உங்களால ஒளிக்க முடியாதுன்னுதான் தம்பியை வரச் சொன்னேன். பழசு, புதுசு ரெண்டையும் மூடி வைங்க. அவ வாயால எத்தனையோ தடவை கேட்டாச்சு... உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. மெதுவா.