கணுக்காலில் இரண்டு தட்டு

"ராத்திரி பதினொன்று நாற்பது. எரியோடு ஊரைத் தாண்டி உள்ளே பிரியும் தோட்டத்துப் பாதை. மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். வழியில் ஒரு வீடு கிடையாது..."

இப்படித்தான் ஆரம்பித்தேன். முத்துச்சாமி அண்ணன் உடனே குறுக்கிட்டார்.

"யாருக்குலே நடந்துச்சு? எல்லாப் பயலும் கூட்டாளியோட மச்சானுக்கு நடந்துச்சும்பான். அந்த மச்சானைக் கூட்டியாடான்னா, அவன் போன வருசமே செத்துட்டாம்பான்."

ரஃபீக் சிரித்தான்.

"எனக்கு நடந்தது" என்றேன்.

சிரிப்பு நின்றது.

சின்னாளப்பட்டிக்கு வெளியே, பாதி கட்டிய கல்யாண மண்டபம். பெயின்ட் முத்துச்சாமி அண்ணன், டைல்ஸ் ரஃபீக், வயரிங் நான். மழையில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டோம். சிமெண்ட் சாக்கை விரித்து மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே ஒரே ஒரு பல்பு. அவர்கள் இருவரும் ஆளுக்கொரு பேய்க்கதை சொல்லியாகிவிட்டது.

"அந்த லைட்டை அமத்துங்கண்ணே. அப்பத்தான் கேக்க நல்லாருக்கும்" என்றான் ரஃபீக்.

"வேண்டாம். எரியட்டும்."

"பாத்தியா... சொல்றவனுக்கே பயம்" என்றார் முத்துச்சாமி அண்ணன்.

என் மனைவி ஐரின் இறந்தது அவர்களுக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. அதை முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

நான் படித்தது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங். வேலை கிடைக்காமல் வயரிங்குக்கு வந்தேன். கல்யாணமான புதிதில் ஐரினும் என்னோடு வேலைக்கு வருவாள். பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து எனக்கு ஒரு பை தைத்தாள். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அறை. கட்டிங் பிளையர், மூக்கு பிளையர், பெரிய திருப்புளி, சின்னத் திருப்புளி, வயர் தோல் உரிக்கிற ஸ்டிரிப்பர், கத்தி, டேப். கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டருக்கு மட்டும் அறை இல்லை. அது எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும்.

நான் மேலே நிற்பேன். அவள் கீழே. எதையும் கேட்க வேண்டியதில்லை. அடுத்து என்ன வேண்டும் என்று என் கையைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். என் கணுக்காலில் கருவியால் இரண்டு தட்டு... டக், டக். கையைக் கீழே நீட்டினால் கருவி வந்து உட்காரும். கைப்பிடி என் பக்கம் இருக்கும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வயரைத் தொடும் முன் மெயின் பாக்ஸிலிருந்து பியூஸ் கட்டையை உருவ வேண்டும். கைக்கு அடக்கமான வெள்ளைப் பீங்கான் கட்டை. அதை உருவினால் கரண்டுக்குப் பாதை இல்லை. உருவிய கட்டையை எங்கும் வைக்கக் கூடாது, யாரிடமும் கொடுக்கக் கூடாது. வேலை செய்கிறவன் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டை பையில் இருக்கும்வரை ஆள் பத்திரம்.

எலெக்ட்ரீஷியன் வீட்டு வயரிங்தான் ஊரிலேயே மோசமாக இருக்கும். எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் போகிற வயர், துணி காயப்போடும் கொடிக்கம்பியில் உரசிக்கொண்டிருந்தது.

"ஏங்க, கொடியில கை வச்சா சுருக்குங்குது."

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

மறுநாளும் சொன்னாள். நாளைக்குப் பார்க்கலாம். மூன்றாம் நாளும் அதே.

கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்க்க இரண்டு நொடி ஆகும். மூன்று நாளும் டெஸ்டர் என் சட்டைப் பையில் இருந்தது.

நான்காம் நாள் மழை. துணி எடுக்கப் போனாள். நான் வீடு திரும்பியபோது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தாள். கை கம்பியை விடவில்லை. தேங்காய் எண்ணெயும் கருகிய முடியும் கலந்த ஒரு வாடை...

சவப்பெட்டியை மூடும் முன் டெஸ்டரை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு வேறு டெஸ்டர் வாங்கவில்லை. வயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்காமலே கை வைப்பேன். இருந்தால் இருக்கட்டும்.

"ஏலே..." என்றார் முத்துச்சாமி அண்ணன்.

ஏழு மாதம் போனது. அன்று ராத்திரி பதினொரு மணிக்குப் பவித்ரா போன் செய்தாள். எரியோடு பக்கம் தோட்டத்து வீடு. அந்த வீட்டுக்கு மோட்டார் இணைப்பு கொடுத்தவன் நான்.

"அண்ணே, கரண்ட் போயிருச்சு. அப்பாவோட ஆக்ஸிஜன் மிஷின் நின்னுபோச்சு. சின்ன சிலிண்டர் ஒரு மணி நேரந்தான் வரும். லைன்மேனு மரம் விழுந்த எடத்துல மாட்டிக்கிட்டாரு. ஓடையில தண்ணி போகுது, ஆம்புலன்ஸ் சுத்தித்தான் வரணுமாம். அண்ணே... வாரீங்களாண்ணே?"

கிளம்பினேன். ஐரின் தைத்த பையை அவள் போன பிறகு நான் தொட்டதில்லை. கருவிகளை ஒரு பெயின்ட் வாளியில் போட்டு வைத்திருந்தேன். வாளியை வண்டியில் மாட்டிக்கொண்டு போனேன். ஓடையில் முழங்கால் தண்ணீர். வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்தேன். அதற்கப்புறம் தவளைச் சத்தம் மட்டும்.

பாதையோரக் கம்பத்தில் விளக்கு எரிந்தது. வீடு மட்டும் இருட்டு. அப்படியென்றால் கோளாறு வீட்டுக்குள்தான்.

உள் அறையில் பவித்ராவின் அப்பா கருப்புசாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. பவித்ரா ஒரு கையால் மாஸ்கை அழுத்தி, மறு கையில் செல்போன் வெளிச்சத்தை சிலிண்டர் முள்ளின் மேல் பிடித்திருந்தாள்.

"செவப்புக்குக் கிட்ட வந்துருச்சுண்ணே."

"நீங்க அங்கயே இருங்க. மாஸ்கை விட்டுறாதீங்க."

மெயின் பாக்ஸ் வெளித் தாழ்வாரத்தில் இருந்தது. பியூஸ் கட்டையை உருவினேன். கம்பி உருகிப் போயிருந்தது. கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஓட்டுக்குக் கீழே எலி கடித்த இடத்தில் வயர் கரியாகியிருந்தது. முக்காலியில் ஏறினேன். செல்போனைப் பல்லில் கவ்விக்கொண்டேன்.

பிளையர் வேண்டும். இறங்கி வாளிக்குள் கைவிட்டேன். திருப்புளி வந்தது. மறுபடி விட்டேன். சுத்தியல். எல்லாம் ஒன்றோடொன்று சிக்கியிருந்தது.

"அண்ணே, சீக்கிரம்... அப்பா கண்ணு சொருகுதுண்ணே."

பிளையர் கிடைத்தது. ஏறினேன். கரியை வெட்டி எறிந்தேன். அடுத்து ஸ்டிரிப்பர். மறுபடி இறங்க வேண்டும். மறுபடி தேட வேண்டும். நேரம் இல்லை. முடியாது என்று தெரிந்துவிட்டது. இன்னொரு ஆள் என் கண்ணெதிரே போகப்போகிறார். முக்காலியில் நின்று அழுதேன். வாயில் செல்போன். சத்தம்கூட வரவில்லை.

டக், டக்.

கணுக்காலில்.

கையை நீட்டினேன். ஸ்டிரிப்பர். கைப்பிடி என் பக்கம்.

"பவித்ராக்கா வந்துட்டாங்களா?" என்றான் ரஃபீக்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்போது உள் அறையிலிருந்து பவித்ராவின் குரல் வந்தது. "அப்பா... அப்பா, இங்க பாருப்பா..."

நான் கீழே பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று தோன்றியது. தோலை உரித்தேன். அடுத்து மூக்கு பிளையர். நினைத்தேன்... டக், டக். வந்தது. செம்பைத் தொடப் போனேன்.

டக், டக்.

நான் எதையும் நினைக்கவில்லை. ஆனாலும் நீட்டினேன். மெல்லிசாக, ஈரமாக ஒன்று கைக்கு வந்தது. டெஸ்டர். அதன் கொக்கியில் செம்மண் ஒட்டியிருந்தது.

வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. கரண்ட் இல்லை. செம்பை முறுக்கினேன். டேப் வந்தது.

"யாரோ குப்பையைக் கொளுத்துறாய்ங்க போல" என்று மூக்கை உறிஞ்சினார் முத்துச்சாமி அண்ணன். "முடி கருகுற மாதிரி அடிக்குது."

"மேல சொல்லுங்கண்ணே" என்றான் ரஃபீக். அவன் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தான்.

டேப் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது. பியூஸ் கட்டையில் கம்பி இல்லை. புதுக் கம்பி நான் கொண்டுவரவில்லை. வயரிலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் கட்ட வேண்டும். இரண்டு நிமிடம் ஆகும்.

"அண்ணே! தீந்துருச்சு! காத்து வரலண்ணே!"

கடைசிச் சுற்றைச் சுற்றி டேப்பைக் கிழித்தேன். வயரிலிருந்து கையை எடுத்தேன்.

விளக்கு எரிந்தது.

உள்ளே மிஷின் ஒரு தடவை கத்தியது. பிறகு ஓட ஆரம்பித்தது. புஸ்... புஸ்... பவித்ரா வாய்விட்டு அழுதாள்.

இறங்கினேன். கீழே யாரும் இல்லை. வாளி மட்டும் இருந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பியூஸ் கட்டை அங்கேயே இருந்தது.

மெயின் பாக்ஸைத் திறந்தேன். கட்டை இருக்க வேண்டிய இடம் காலி. மேலே ஒரு பித்தளை, கீழே ஒரு பித்தளை. நடுவில் ஒன்றுமில்லை. டெஸ்டரை மேலே வைத்தேன், எரிந்தது. கீழே வைத்தேன், எரிந்தது. பாக்ஸுக்குள்ளிருந்து அந்த வாடை வந்தது. தேங்காய் எண்ணெய். கருகிய முடி.

அந்த இரண்டு பித்தளையையும் அவள் எப்படிப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையாலும்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். இழையைக் கட்டி, கட்டையை உள்ளே செருக வேண்டும். செருகினால் அவள் கையை விடலாம். விட்டால் போய்விடுவாள்.

நான் நின்றேன். பக்கத்தில் இருக்கிறாள். ஏழு மாதத்துக்குப் பிறகு, ஒரு முழ தூரத்தில். தாழ்வாரத்து விளக்கு மங்கியது, கூடியது, மங்கியது. பிடித்திருக்கிற கை நடுங்கினால் அப்படித்தான் இருக்கும். வாடை கூடிக்கொண்டே போனது.

"என்னண்ணே, அப்படியே நிக்கிறீங்க?" என்று பவித்ரா வந்து கேட்டபோது பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அதன் பிறகு இழையைக் கட்டிச் செருகினேன். விளக்கு மங்காமல் எரிந்தது. வாடை போய்விட்டது. டெஸ்டரைத் தேடினேன். கிடைக்கவில்லை.

கருப்புசாமி ஐயா பிழைத்துவிட்டார். போன வாரம்கூட மோட்டார் ஓடவில்லை என்று போன் செய்தார்.

மழை மறுபடி பிடித்திருந்தது.

"பத்து நிமிசமாலே?" என்றார் முத்துச்சாமி அண்ணன். "அம்புட்டு நேரமும் அந்தப் புள்ள...?"

ரஃபீக்தான் முதலில் கவனித்தான். என் சட்டைப் பை கனத்துத் தொங்குவதைப் பார்த்தான்.

"அது என்னண்ணே?"

எடுத்து சாக்கின் மேல் வைத்தேன். வெள்ளைப் பீங்கான். இந்த மண்டபத்து போர்டில் இருப்பது ஒரே ஒரு பியூஸ் கட்டை. சாயங்காலம் ஆறு மணிக்கு வேலைக்காக உருவினேன். உருவியது உருவியபடி.

இருவரும் கட்டையைப் பார்த்தார்கள். மேலே எரிந்த பல்பைப் பார்க்கவில்லை. சாக்கின் மேல் எங்கள் மூன்று பேர் நிழலும் மங்கியது, கூடியது, மங்கியது.

ரஃபீக் கட்டையை என் பக்கம் தள்ளினான்.

"போட்டுருங்கண்ணே... பாவம்ணே. அவங்களுக்கு வலிக்கும்ல?"

கட்டையை எடுத்து மறுபடி பையில் போட்டுக்கொண்டேன்.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன்.