கூட வருகிறவர்கள்

விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கோழிகூடக் கூவவில்லை. நாரணாபுரத்தைத் தாண்டி, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு மண்ரோடு... ரெண்டு பக்கமும் வீடு கிடையாது, விளக்கு கிடையாது. அந்த ரோட்டில்தான் முக்காடு போட்ட ஓர் உருவம் தினமும் போகும். மெல்லிசாகப் பாடிக்கொண்டே போகும்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் மச்சினனோடு லோடு ஆட்டோ ஓட்டிய வேலுச்சாமிக்கு நடந்தது. ரெண்டாயிரத்து ஏழு, தீபாவளி சீசன் முடிந்த சமயம்.

அந்த மண்ரோடு வந்து சேரும் முக்குரோட்டு டீக்கடையில் அந்த உருவத்தைப் பற்றித்தான் பேச்சு. போன வருஷம் பட்டாசுக் கம்பெனி வெடித்ததே, அதில் செத்த பொம்பளையின் ஆவி என்றார்கள். முகம் முழுக்க வெந்து கிடக்குதாம்.

வேலுச்சாமி டீயை ஊதிக்கொண்டே இருந்தான். அது யாரென்று அவனுக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி பொன்னுத்தங்கம்.

அவள் சாகவில்லை. அந்த விபத்தில் வெந்து, மாசக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவள். அங்கே வார்டுக்கு வந்த சபைப் பெண்கள் அவள் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தாள். வீடு திரும்பியதிலிருந்து விடியற்கால ஜெபத்துக்கு வேதக்கோயிலுக்குப் போவாள். வேலுச்சாமி தடுக்கவில்லை. ஆனால் ஊருக்கு வெளியே ஒற்றை வீடாகப் பார்த்துக் குடிபோனான். "காத்தோட்டமா இருக்கும் புள்ள" என்றான். கேட்டவர்களிடமெல்லாம், அவள் சாத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்தான். அந்த முகத்தை நாலு பேர் பார்ப்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"ஏலே வேலு, நீ அந்தப் பக்கந்தான இருக்க? பாத்திருக்கியா?" என்று டீக்கடை இருளாண்டி கேட்டார்.

இல்லையென்று சொல்லியிருக்கலாம். என் பெண்டாட்டிதான் என்று சொல்லியிருக்கலாம்.

"பாத்தேண்ணே" என்றான். "மூஞ்சியே இல்ல."

மறுநாள் பொன்னுத்தங்கம் புருவத்தில் ரத்தத்தோடு வந்தாள். யாரோ இருட்டில் கல்லை விட்டெறிந்திருக்கிறார்கள்.

"யாரு புள்ள?"

"தெரியல. பேயின்னு நெனச்சிட்டாக போல. பாவம், எம்புட்டு பயந்தாகளோ."

"இனி அங்கன போகாத."

அவள் ஈரத்துணியால் ரத்தத்தை ஒற்றினாள். "ஆஸ்பத்திரில என் மூஞ்சியப் பாத்து எல்லாரும் திரும்பிக்கிட்டீக. ஏசப்பா மட்டுந்தேன் திரும்பல. அவரப் பாக்கப் போகாம எப்பிடி இருக்கது?"

எல்லாரும் என்றுதான் சொன்னாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"ஒனக்குப் பயமா இல்லயா?"

"எனக்குக் கொஞ்சந்தேன். கூட வாரவுகளுக்குத்தான் ரொம்பப் பயம்."

"யாரு கூட வாரா?"

அவள் துணியை அலசிக் கொடியில் போட்டாள்.

அன்று ராத்திரி வேலுச்சாமிக்குத் தூக்கமில்லை. அவள் எழுந்து, தரையில் முழங்கால் போட்டு, கல்லெறிந்தவனுக்கும் சேர்த்து ஜெபித்ததைப் பார்த்தான். மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்கும் சேத்துச் சொல்லு" என்றான். சொன்னாள். ரெண்டு பேருமாகக் கிளம்பினார்கள்.

முக்குரோட்டில் டீக்கடை ட்யூப்லைட் எரிந்தது. பாய்லர் உஸ்ஸென்றது. "அந்தா... வருதுலே!" என்று ஒரு சத்தம். ஒருவன் குனிந்து கல்லை எடுத்தான்.

ஓரமாக, இருட்டோடு போயிருக்கலாம். வேலுச்சாமி அவள் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவள் அவன் விரல்களை அழுத்தினாள்.

"எறியாதீக. பேய் இல்ல. என் பொண்டாட்டி. சாத்தூர்ல இருக்கான்னு சொன்னது பொய்யி. பேயப் பாத்தேன்னு சொன்னதும் பொய்யி."

கல் கீழே விழுந்த சத்தம் கேட்டது. இருளாண்டி மட்டும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "தாயி... ஒரு டீ குடிக்கீகளா?" என்றார்.

"ஜெபம் முடிச்சிட்டு வாரேண்ணே."

கடையைத் தாண்டியதும் மறுபடி இருட்டு. அவள் பாட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் கேட்டது... பின்னால் காலடி. செருப்பில்லாத கால்கள். ஒன்றிரண்டு அல்ல, பல. புழுதியில் சரக்... சரக்... என்று. கூடவே வாடை. நனைந்த வெடிமருந்து, கருகின முடி, தீப்புண்ணுக்குப் போடுகிற களிம்பு.

அவன் கழுத்து தானாகத் திரும்பப் போனது.

"திரும்பிப் பாக்காதீக" என்றாள் பொன்னுத்தங்கம். "கூச்சப்படுவாக."

அவன் திரும்பவில்லை. உடம்பெல்லாம் வேர்த்தது. வலது கையில் அவள் கை இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், இடது கைக்குள் இன்னொரு கை வந்து நுழைந்தது. சுருங்கின காகிதம் மாதிரி... காய்ந்து, லேசாக. உதறிவிடத்தான் நினைத்தான். உதறவில்லை. "ஏசப்பா... ஏசப்பா..." என்று சொல்லிக்கொண்டே பிடித்தபடி நடந்தான்.

கோயில் வாசலில் விளக்கு எரிந்தது. மணி அடித்தது. அந்தக் கை நழுவிப் போய்விட்டது.

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்த பிறகுதான் இடது கையை விரித்துப் பார்த்தான். உள்ளங்கை பளபளவென்று வெள்ளியாக மின்னியது. பட்டாசுக் கம்பெனி மருந்து அறையில் வேலை பார்க்கிறவர்கள் கையில் ஒட்டுமே, அந்த அலுமினியத் தூள். அவன் வாழ்நாளில் மருந்து அறைப் பக்கம் போனவனில்லை. ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன.

சின்ன விரல்கள். ஏழெட்டு வயசுப் பிள்ளையின் விரல்கள்.

கம்பெனி வெடித்த அன்று, சின்னப் பிள்ளைகள் யாருமே வேலைக்கு வரவில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். ஊரும் தெரிந்தே ஆமாம் என்றது.

வேலுச்சாமியும் ஆமாம் என்றுதான் சொல்லியிருந்தான்.